தாவரப் புரத பார்களின் ஊட்டமதிப்பை அறியும் முறை

தாவரப் புரத பார் என்பது பட்டாணி, சோயா, அரிசி, வேர்க்கடலை, பாதாம் முதலியவற்றிலிருந்து கிடைக்கும் புரதத்தைப் பாகு கொண்டோ பேரீச்சம்பழ விழுது கொண்டோ பிணைத்து, ஒரு கையில் பிடித்து உண்ணும் அளவில் துண்டாக்கி உறையிட்ட சிற்றுணவு. விண்வெளிப் பயணத்தின் புகழை ஒட்டி அமெரிக்காவின் பில்ஸ்பரி நிறுவனம் 1969இல் விற்ற ‘ஸ்பேஸ் ஃபுட் ஸ்டிக்ஸ்’ குச்சிகளும், மாரத்தான் ஓட்டக்காரர் பிரையன் மேக்ஸ்வெல் 1986இல் தொடங்கிய பவர்பாரும் இதன் முன்னோடிகள். எளிதில் எடுத்துச் செல்லக்கூடிய ஆற்றலைத் தருவதே அவற்றின் முதன்மையான நோக்கமாக இருந்ததால் மாவுச்சத்தும் சர்க்கரையுமே அவற்றில் மிகுந்திருந்தன. புரதம் உறையின் முகப்புக்கு வந்தது பிற்காலத்தில்தான். முகப்பு மாறிய பிறகும் உள்ளிருக்கும் கலவை பெரிதாக மாறாத பார்கள் இன்றும் கடைகளில் உண்டு என்பதால், முகப்பில் அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் கொண்டு ஒரு பாரை மதிப்பிட இயலாது.

சிங்கப்பூரின் முதல் துணைநகரமான குவீன்ஸ்டவுன், இந்த மதிப்பீட்டைச் செய்து பார்க்கப் பொருத்தமான இடம். 1950களில் கட்டத் தொடங்கி, 1960க்குப் பிறகு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் விரிவடைந்த இப்பேட்டையில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் முதியோர் பலர். அவர்களின் உடல்நலத்தை மனத்தில் கொண்டே வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் தேசியப் பல்கலைக்கழகச் சுகாதாரக் குழுமமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2021இல் ‘குவீன்ஸ்டவுன் சுகாதார வட்டாரம்’ என்னும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கின. அதே பேட்டையில், விளையாட்டுக் காலணிக் கடைகளுக்குப் பெயர்பெற்ற குவீன்ஸ்வே கடைத்தொகுதியும் 1970இல் திறந்த விளையாட்டரங்கும் நீச்சல் வளாகமும் இருப்பதால் உடற்பயிற்சி செய்யும் இளையோரும் குறைவில்லை. தசை கரைவதை அஞ்சும் எழுபது வயதுப் பாட்டியும், தசை வளர்க்க விரும்பும் இருபது வயதுப் பேரனும் பேரங்காடியின் ஒரே அடுக்கிலிருந்து ஒரே பாரை எடுக்கலாம். ஆனால் அந்தப் பார் இருவருக்கும் ஒரே பயனைத் தருவதில்லை.

முகப்பு எண்ணும் நான்கு விதிகளும்

சிங்கப்பூர் தன் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாடு. ஆகவே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இந்தியாவிலும் உருவான பார்கள் இங்கு ஒரே அடுக்கில் அருகருகே நிற்கின்றன. ‘புரதம் உள்ளது’, ‘புரதம் மிகுந்தது’ என்னும் சொற்களை எப்போது அச்சிடலாம் என்பதற்கு அந்தந்த நாட்டு விதி வேறு. உறையின் வடிவமைப்பும் வாசகமும் பெரும்பாலும் பிறந்த நாட்டின் சிந்தனையைச் சுமந்தே வருகின்றன.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு விதி, உணவு தரும் மொத்த ஆற்றலில் 12 விழுக்காடாவது புரதத்திலிருந்து வந்தால் அதைப் புரத ஆதாரம் என்றும், 20 விழுக்காட்டை எட்டினால் புரதம் மிகுந்தது என்றும் சொல்ல இடம் தருகிறது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஒரு பரிமாறலுக்கு 5 கிராம், 10 கிராம் என்று எடையைக் கொண்டு வரம்பு கட்டுகின்றன. பரிமாறல் என்பது ஒருமுறை உண்பதாகத் தயாரிப்பாளர் குறிக்கும் அளவு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 100 கிராம் உணவில் நாள்தேவையின் 10 விழுக்காடு, 20 விழுக்காடு எனக் கணக்கிடுகிறது. அமெரிக்க விதியே கடுமையானது: நாளுக்கு 50 கிராம் என்ற அளவில் 10 விழுக்காட்டை எட்டினால் நல்ல ஆதாரம், 20 விழுக்காட்டை எட்டினால் மிகுந்தது என்று அது கூறினாலும், கிராமை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் புரதத்தின் தரத்தால் பெருக்கிய பிறகே விழுக்காட்டைக் கணக்கிட வேண்டும் என்கிறது. தரத்தை எப்படி அளக்கிறார்கள் என்பது அடுத்த பகுதியில் விளக்கப்படும்.

இந்த நான்கு விதிகளையும் சிராங்கூன் சாலை மளிகைக் கடைகளில் கிடைக்கும் கடலை மிட்டாயின்மேல் செலுத்திப் பார்த்தால் அவற்றின் வேறுபாடு தெளிவாகும். மிட்டாயும் பாகால் பிணைத்த தாவரப் புரதத் துண்டுதான். அதன் முகப்பில் யாரும் புரதம் என்று பெரிதாக எழுதுவதில்லை, அவ்வளவே. 60 பங்கு வேர்க்கடலையும் 40 பங்கு வெல்லமும் சேர்ந்ததாகக் கொண்டால், 100 கிராம் மிட்டாயில் ஏறத்தாழ 15 கிராம் புரதமும் 490 கலோரியும் இருக்கும். ஒரு கிராம் புரதம் 4 கலோரி தருவதால், 60 கலோரி, அதாவது ஆற்றலில் 12 விழுக்காட்டைச் சற்றே தாண்டிய அளவு, புரதத்திலிருந்து வருகிறது. ஐரோப்பிய விதிப்படி இது மயிரிழையில் புரத ஆதாரம் ஆகிவிடுகிறது. நாள்தேவையை 54 கிராம் எனக் கொள்ளும் இந்தியக் கணக்கில் 100 கிராமுக்கு 10.8 கிராமே போதும் என்பதால் இது புரதம் மிகுந்த உணவு. 30 கிராம் துண்டை ஒரு பரிமாறல் என்று குறித்தால் அதில் 4.5 கிராமே இருப்பதால் ஆஸ்திரேலிய விதியில் தேறாது. அதையே 40 கிராம் துண்டாக வெட்டிவிட்டால் 6 கிராமாகித் தேறிவிடும். அமெரிக்க விதியில் வேர்க்கடலைப் புரதத்தின் தரமதிப்பு ஏறத்தாழ பாதிதான் என்பதால் 30 கிராம் துண்டின் 4.5 கிராம் 2.25 கிராமாகச் சுருங்கி, நாள்தேவையின் 5 விழுக்காட்டைக்கூட எட்டாமல் நின்றுவிடும். மிட்டாயின் கலவையில் எதுவும் மாறவில்லை. அளவுகோலும் கத்தி விழுந்த இடமும் மட்டுமே மாறின.

எனவே கடையில் நின்றபடி செய்யக்கூடிய முதல் சோதனை, பின்புறத்தில் உள்ள ஊட்டச்சத்து விவரப் பட்டியலிலிருந்து ஆற்றல் விகிதத்தைத் தாமே கணக்கிடுவதாகும். புரத கிராமை 20ஆல் பெருக்கி வரும் எண், அதே அளவு பாரின் கலோரியை எட்டினால் 20 விழுக்காடு தேறியது என்று பொருள். 33ஆல் பெருக்கியும் எட்டாவிட்டால் 12 விழுக்காடும் இல்லை. 200 கலோரியும் 12 கிராம் புரதமும் உள்ள பாரில் 240 வருவதால் அது எளிதில் தேறும். 200 கலோரியும் 6 கிராமும் உள்ள பாதாம் பார் முதல் சோதனையில் 120ஓடு நின்று, இரண்டாவதில் 198ஐத் தொட்டு, 12 விழுக்காட்டு எல்லையிலேயே நிற்கும். அதைப் பருப்புக்கொட்டைத் தின்பண்டமாகக் கருதுவதே முறை. பட்டியல் கிலோஜூலில் மட்டும் இருந்தால் 4.2ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். பட்டியலில் 100 கிராமுக்கு ஒரு பத்தியும் பரிமாறலுக்கு ஒரு பத்தியும் இருக்கும்போது, இரண்டு எண்களையும் ஒரே பத்தியிலிருந்து எடுக்கிறோமா என்று உறுதிசெய்துகொள்வதும் தேவை.

கிராமுக்குள் இருக்கும் தரம்

ஆய்வகங்கள் வழக்கமாகப் புரதத்தை நேரடியாக எடைபோடுவதில்லை. 1883இல் டென்மார்க்கின் யோகன் கெல்டால் வகுத்த முறையைப் பின்பற்றி உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து, அதை 6.25 என்ற எண்ணால் பெருக்கிப் புரதம் என்கிறார்கள். புரதத்தில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜன் என்ற கணிப்பே இதன் அடிப்படை. ஆனால் வேர்க்கடலைக்கு 5.46, கோதுமைக்கு 5.7, சோயாவுக்கு 5.71 என்பனவே பொருத்தமான பெருக்கெண்கள் என்பதால், எல்லாவற்றுக்கும் 6.25ஐப் பயன்படுத்தும்போது தாவரப் புரதம் சற்று ஊதிய நிலையில் அச்சேறுகிறது. நைட்ரஜனைப் புரதமாக எண்ணும் இந்த ஏற்பாட்டின் ஓட்டையைப் பயன்படுத்தித்தான் 2008இல் சீனாவில் பாலில் மெலமின் என்னும் வேதிப்பொருளைக் கலந்து புரதம் நிறைந்ததாகக் காட்டினார்கள். குழந்தைகள் உயிரிழந்த பிறகே அது உலகுக்குத் தெரிந்தது.

அளவு சரியாக இருந்தாலும் தரம் என்ற கேள்வி நிற்கிறது. புரதம் அமினோ அமிலங்கள் என்னும் சிறு கூறுகளால் ஆனது. அவற்றுள் ஒன்பதை உடலால் உண்டாக்க இயலாது, உணவிலிருந்தே பெற வேண்டும். இவ்வொன்பதில் எது தேவையைவிட மிகக் குறைவாக இருக்கிறதோ அதுவே உடல் கட்டக்கூடிய புரதத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. அதைக் கட்டுப்படுத்தும் அமினோ அமிலம் என்பர். அரிசி, கோதுமை, ஓட்ஸ் ஆகிய தானியங்களில் லைசின் குறைவு. பட்டாணி, கடலை, பருப்பு வகைகளில் கந்தகம் கொண்ட மெத்தியோனினும் சிஸ்டீனும் குறைவு. இந்தக் குறையையும் செரிக்கும் விகிதத்தையும் சேர்த்துப் பெருக்கி வரும் மதிப்பே ‘பிடிகாஸ்’ என்று ஆங்கில முதலெழுத்துகளால் அழைக்கப்படும் தரமதிப்பு. உலக உணவு வேளாண்மை நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் 1991இல் வெளியிட்ட அறிக்கையின் வழியே இது பரவலானது. முட்டைக்கும் பாலின் புரதத்துக்கும் இம்மதிப்பு 1. பிரித்தெடுத்த சோயாப் புரதம் 1ஐ ஒட்டி நிற்கும். பட்டாணிப் புரதச்செறிவு 0.8க்கும் 0.9க்கும் இடையில், கொண்டைக்கடலை முக்காலை ஒட்டி, வேர்க்கடலையும் அரிசிப் புரதமும் பாதியை ஒட்டி, கோதுமையின் பசைப்புரதமான குளூட்டன் கால்பங்கே. 2013இல் உணவு வேளாண்மை நிறுவனம், ஒவ்வொரு அமினோ அமிலமும் சிறுகுடலின் முடிவுக்குள் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று தனித்தனியே அளக்கும் ‘டையாஸ்’ என்னும் துல்லியமான முறையைப் பரிந்துரைத்தது. ஆயினும் உறைகளின் உலகில் பழைய மதிப்பே இன்னும் செல்வாக்கோடு இருக்கிறது.

தரம் குறைந்த இரண்டைச் சேர்த்து நல்லதொன்றை ஆக்கலாம் என்பது தமிழ்ச் சமையலறைக்குப் புதிதன்று. அரிசியில் குறையும் லைசினை உளுந்து ஈடுசெய்வதாலும், உளுந்தில் குறையும் கந்தக அமினோ அமிலங்களை அரிசி ஈடுசெய்வதாலும் இட்லியின் புரதம் அவ்விரண்டின் தனித்தனிப் புரதத்தைவிட உயர்ந்தது. பட்டாணிப் புரதமும் பழுப்பரிசிப் புரதமும் சேர்ந்த பார் அதே கணக்கைச் செய்கிறது. இவ்விரண்டும் சேர்பொருள் பட்டியலில் அடுத்தடுத்து இருந்தால் அது நல்ல அறிகுறி. இப்படிச் சேர்ப்பதை ஒவ்வொரு வேளையும் செய்தாக வேண்டும் என்ற எண்ணம் 1971இல் பிரான்சஸ் மூர் லாப்பே எழுதிய நூலால் பரவி, 1981ஆம் ஆண்டுப் பதிப்பில் அவராலேயே திருத்தப்பட்டது. ஒரு நாளின் உணவு முழுவதிலும் இரு வகையும் இருந்தால் போதும் என்பதே இன்றைய நிலைப்பாடு. ஆதலால் மதியம் சோறும் சாம்பாரும் உண்பவருக்குப் பாரில் கலவை இருக்கிறதா என்பது பெரிய கேள்வியன்று. பாரையே ஒரு வேளை உணவாகக் கொள்பவருக்கு அது பெரிய கேள்விதான்.

சேர்பொருள் பட்டியலை வாசித்தல்

சிங்கப்பூரின் உணவு விதிமுறைகளின்படி சேர்பொருள்கள் எடையின் இறங்குவரிசையில் எழுதப்பட வேண்டும். முதல் மூன்று இடங்களில் புரதப் பொருள் ஒன்றுகூட இல்லாமல் ஓட்ஸ், குளுக்கோஸ் பாகு, சாக்லேட் பூச்சு என்று வரிசை ஓடினால், முகப்பில் எந்தச் சொல் இருந்தாலும் அது இனிப்புப் பண்டமே. வரிசையில் ஒரு நுட்பமும் ஒளிந்திருக்கும்: இனிப்பை அரிசிப் பாகு, பேரீச்சம்பாகு, நீலக்கற்றாழைப் பாகு, தேங்காய்ச் சர்க்கரை என்று நான்காகப் பிரித்துச் சேர்த்தால் ஒவ்வொன்றும் எடையில் சிறிதாகிப் பட்டியலின் கீழே இறங்கிவிடும்; கூட்டினால் அதுவே முதலிடம் பெறக்கூடும். இதைக் கண்டறிய விவரப் பட்டியலின் மொத்தச் சர்க்கரை வரியே துணை. அமெரிக்கப் பார்களில் சேர்க்கப்பட்ட சர்க்கரைக்குத் தனி வரி இருப்பதால் அங்கே வேலை எளிது.

புரதப் பொருளின் பெயரையும் கவனிக்க வேண்டும். சோயாப் புரதம், பட்டாணிப் புரதம் என்று தனியாகப் பெயர் சொன்னால் தரத்தை ஊகிக்கலாம். ‘புரதக் கலவை’ என்று மட்டும் இருந்தால் அதன் உள்ளடக்கத்தைத் தேட வேண்டும்; அதில் கோதுமைப் புரதம் முதலில் நின்றால் கிராம் எண்ணில் பெரும்பகுதி பயன் குறைந்தது. கொலாஜன் சேர்த்த பார்களைப் பற்றித் தனியே எச்சரிப்பது நல்லது: அது விலங்கிலிருந்து வருவது என்பதோடு, டிரிப்டோஃபேன் என்னும் இன்றியமையாத அமினோ அமிலம் அதில் அறவே இல்லாததால் அதன் தரமதிப்பு சுழியம். பாலையும் தவிர்க்கும் சைவர்கள் பால்தெளிவுப் புரதமான வேயையும் சாக்லேட் பூச்சிலுள்ள பால்தூளையும் தேடிப் பார்ப்பது வழக்கம். 2024இல் சிங்கப்பூர் உணவு அமைப்பு 16 வகைப் பூச்சிகளை மனித உணவாக அனுமதித்த பிறகு, வெட்டுக்கிளி, மாவுப்புழு வகைத் தூள்களும் புரதம் என்ற பெயரில் வரக்கூடும் என்பதால் அந்தத் தேடலைச் சற்று விரிவாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேர்க்கடலை, சோயா, மரக்கொட்டைகள், பால், குளூட்டன் உள்ள தானியங்கள் ஆகியவை ஒவ்வாமை தருபவை என்பதால் இங்கு அவற்றைக் கட்டாயமாகக் குறிப்பிட வேண்டும். ஆகவே இந்த ஒவ்வாமை வரி சைவர்களுக்கும் பால் தவிர்ப்பவர்களுக்கும் விரைவான வடிகட்டியாகவும் பயன்படும்.

பொரிபோல் மொறுமொறுக்கும் சோயா உருண்டைகள் சில பார்களில் உண்டு. புரதமாவை உயர்வெப்பத்திலும் அழுத்தத்திலும் பிதுக்கிப் பொரியச் செய்து இவற்றை உருவாக்குகிறார்கள். வெப்பம் பருப்பு வகைகளிலுள்ள செரிமானத்தடைப் பொருள்களை அழித்து நன்மை செய்கிறது. ஆனால் பாகிலுள்ள குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் போன்ற சர்க்கரைகளோடு சேர்ந்து சூடாகும்போது லைசின் அவற்றோடு பிணைந்து உடலுக்கு எட்டாமல் போகிறது. ரொட்டியின் மேற்பரப்பைச் சிவக்கச் செய்யும் இந்த மையார் வினை, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் வெப்பமான கிடங்கில் மெல்லத் தொடரும். தானியப் புரதத்தில் ஏற்கெனவே குறைவாக உள்ள லைசினே முதலில் இழக்கப்படுவது இதன் கொடுமை. முப்பது பாகைச் சூட்டில் கார்ப் பெட்டியில் மாதக்கணக்கில் கிடந்த பார் பல் பதியாத அளவுக்கு இறுகுவதை வாங்குபவர் காண்பார். அதன் உள்ளே நடந்ததை எந்தப் பட்டியலும் திருத்தி எழுதுவதில்லை.

இனிப்பு, நார், கொழுப்பு

ஊட்டத்தில் சர்க்கரையின் பங்கை அளக்க உலகச் சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டுப் பரிந்துரை போதுமானது: தனிச்சர்க்கரை, அதாவது சேர்த்த சர்க்கரையும் தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றின் சர்க்கரையும், நாளின் ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் கீழ், இயன்றால் 5 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும். 2000 கலோரி உண்பவருக்கு இது 50 கிராம், 25 கிராம். ஒரு பாரிலேயே 15 கிராம் இருந்தால் கடுமையான வரம்பின் பாதிக்கு மேல் அதிலேயே செலவாகிவிடும். முழுப் பேரீச்சம்பழம் தனிச்சர்க்கரைக் கணக்கில் வராது, பேரீச்சம்பாகு வரும். பட்டியலில் இரண்டும் பேரீச்சை என்றே தொடங்குவதால் பின்னொட்டையும் படிக்க வேண்டும். 2016இல் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்த சிங்கப்பூர், பானங்களுக்கு 2022 டிசம்பரில் நியூட்ரி-கிரேடு எழுத்துக் குறியீட்டைக் கொண்டுவந்தது. அது பானங்களை நோக்கமாகக் கொண்டு வகுக்கப்பட்டது என்பதால், சோயாப் பால் பொட்டலத்தில் பார்த்துப் பழகிய எழுத்தைப் பாரில் தேடிக் காணாதபோது பார் நல்லது என்று முடிவுகட்டலாகாது. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ஆரோக்கியத் தெரிவுச் சின்னமும் நிறுவனங்கள் விரும்பிப் பெறுவது. அது ஒரு வகைக்குள் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுச் சொல்வது, எல்லா உணவுக்கும் பொதுவான சான்றிதழாகக் கொள்ளத் தக்கதன்று.

இரத்தச் சர்க்கரையை உயர்த்தும் வேகத்தைக் கிளைசீமிக் குறியீடு என்பர். 55 வரை குறைவு எனக் கொள்ளப்படுகிறது. சிங்கப்பூரில் மருத்துவ ஊட்டச்சத்து ஆய்வு மையத்துக்குத் தலைமை வகித்த பேராசிரியர் ஜெயா ஹென்றி, மேலைநாட்டு உணவுகளையே சுற்றிவந்த இக்குறியீட்டு அட்டவணைகளுக்கு ஆசிய உணவுகளைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். புரதமும் கொழுப்பும் நாரும் சேர்ந்திருப்பதால் பருப்புக்கொட்டை மிகுந்த பார்களின் குறியீடு பெரும்பாலும் மிதமானது. ஆனால் குறியீடு குறைவு என்பதால் கலோரி குறைவு என்று ஆகிவிடாது.

சர்க்கரை இல்லை என்று சொல்லும் பார்களில் மால்டிட்டால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்களும், சிக்கரி வேரிலிருந்து பெறும் இனுலின் நாரும் இருக்கும். மால்டிட்டால் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 2.4 கலோரி தருவதால் அதைச் சுழியமாக எண்ணக் கூடாது. இரண்டுமே அளவு கூடினால் வயிற்றில் வாயுவையும் பேதியையும் உண்டாக்கும், அதனால்தான் பல உறைகளில் சிறிய எழுத்தில் எச்சரிக்கை காணப்படுகிறது. மாவுச்சத்திலிருந்து நாரையும் சர்க்கரை ஆல்கஹாலையும் கழித்து ‘நிகர மாவுச்சத்து’ என்று முகப்பில் போடும் எண்ணுக்கு அமெரிக்காவிலேயே சட்ட வரையறை இல்லை. இது விளம்பரத்தின் கணிதம் என்று கடந்துபோகலாம்.

கொழுப்பில் பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பு. பாதாமிலும் வேர்க்கடலையிலும் உள்ள கொழுப்பின் பெரும்பகுதி நிறைவுறாதது. பூச்சுக்குப் பயன்படும் பனைக்கொட்டை எண்ணெயும் தேங்காயெண்ணெயும் நிறைவுற்றவை. இவ்விரு வழியிலும் வரும் நிறைவுற்ற கொழுப்பை ஒரே எண்ணில் அடக்கும்போது விபரீதம் நேர்ந்ததுண்டு: 2015இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், கைண்ட் நிறுவனத்தின் பருப்புக்கொட்டைப் பார்களில் நிறைவுற்ற கொழுப்பு வரம்பைத் தாண்டியதால் ‘ஆரோக்கியமானது’ என்ற சொல்லை நீக்கச் சொல்லி, எதிர்ப்பு கிளம்பிய பிறகு 2016இல் தன் நிலையை மாற்றிக்கொண்டது. எண் எங்கிருந்து வருகிறது என்பதைச் சேர்பொருள் பட்டியலோடு ஒத்துப்பார்த்தால் இத்தகைய குழப்பம் வாங்குபவருக்கு நேராது. பகுதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெய்கள் சிங்கப்பூரில் 2021 ஜூன் முதல் தடைசெய்யப்பட்டுள்ளதால் அவற்றைப் பற்றிய கவலை இங்கே தேவையில்லை.

பாருக்கு மாற்றாக எது

பாரின் மதிப்பு, அது எந்த உணவின் இடத்தைப் பிடிக்கிறது என்பதையும் பொறுத்தது. மாலையில் வழக்கமாக உண்ணும் கேக்கின் இடத்தில் 12 கிராம் புரதப் பார் வந்தால் அது முன்னேற்றம். சுண்டலின் இடத்தில் வந்தால் பெரும்பாலும் இழப்பு. வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் ஏறத்தாழ 9 கிராம் புரதமும் 164 கலோரியும் 7 கிராமுக்கு மேல் நாரும் உள்ளன. மேலே சொன்ன சோதனையில் 180 வருவதால், எந்த விளம்பரமும் இல்லாமல் அது 20 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. ஒரு கிண்ணம், அதாவது 150 கிராம் சுண்டல் 13 கிராம் புரதத்தைத் தருவதால் ஒரு நல்ல பாருக்குச் சமம். தேங்காய்த் துருவலும் தாளிக்கும் எண்ணெயும் கலோரியைக் கூட்டினாலும் சேர்த்த சர்க்கரை என்று எதுவும் இல்லை. மெய் லிங் சந்தையிலும் தேக்கா சந்தையிலும் கிடைக்கும் தாவ் குவா எனப்படும் கெட்டி டோஃபுவில் வகைக்கேற்ப 100 கிராமுக்கு 10 முதல் 17 கிராம் வரையும், தெம்பேயில் ஏறத்தாழ 19 கிராமும் உள்ளன. இரண்டும் சோயா என்பதால் தரமதிப்பும் உயர்வு. பொட்டுக்கடலையை ஒரு பிடி மென்றால் போதும் என்பதை எந்தப் பாட்டிக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. வடைக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. உளுந்தின் புரதத்தைவிட அது குடிக்கும் எண்ணெய்தான் கணக்கைத் தீர்மானிக்கிறது.

விலையையும் இதே வகையில் ஒப்பிட வேண்டும். பாரின் விலையைப் புரத கிராமால் வகுத்து, தரமதிப்பால் மீண்டும் வகுத்தால் பயன்படும் புரதத்தின் விலை கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 3 வெள்ளி 60 காசு விலையும் 12 கிராம் பட்டாணிப் புரதமும் உள்ள ஒரு பாரில், கிராமுக்கு 30 காசு, தரமதிப்பை 0.8 எனக் கொண்டால் 37 காசைத் தாண்டும். உலர்ந்த கொண்டைக்கடலையின் பொட்டலத்தை இதே கணக்கில் போட்டுப் பார்ப்பவருக்கு, மிச்சப் பணம் வசதிக்கும் உறைக்கும் போகிறது என்பது விளங்கும். வசதிக்கும் விலை உண்டு. வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் திரும்புபவருக்கோ, நீச்சல் பயிற்சிக்கும் வகுப்புக்கும் இடையே ஓடுபவருக்கோ ஊறவைக்காத கடலையால் பயனில்லை.

முதியோருக்கும் நோயுற்றோருக்கும்

நலமான வளர்ந்தவரின் பாதுகாப்பான அளவாக உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதத்தை உலகச் சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. தானியமே பெரும்பகுதியான உணவுக்குத் தரக்குறைவை ஈடுகட்ட கிலோவுக்கு 1 கிராம் என்று இந்திய மருத்துவ ஆய்வுக் கழகம் 2020இல் கூறியது. 65 வயதைக் கடந்தோருக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்று 2013இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று பரிந்துரைத்தது. அக்குழு ஒரு வேளைக்கு 25 முதல் 30 கிராம் புரதமும், தசை கட்டத் தூண்டும் லியூசின் என்னும் அமினோ அமிலம் ஏறத்தாழ 2.5 கிராமும் வேண்டும் என்றது. பட்டாணி, சோயாப் புரதங்களில் லியூசின் ஏறத்தாழ 8 விழுக்காடு என்பதால், 12 கிராம் புரதமுள்ள பாரில் அது 1 கிராமைத் தொடாது. காலையில் பிஸ்கட்டும் காப்பியும், மாலையில் ஒரு பாரும் என்று இருக்கும் முதியவருக்குத் தசையைக் காக்கும் வேளை ஒன்றுகூட அமையவில்லை என்றே பொருள். அதே பாரை ஒரு குவளை இனிப்பில்லாச் சோயாப் பாலோடு சேர்த்தால் நிலைமை சற்று மாறும், ஏனெனில் 250 மில்லியில் ஏறத்தாழ 8 கிராம் புரதம் கூடுகிறது. பல் பலவீனமானவருக்கு இறுகிய பாரைவிடக் குழைய வெந்த பருப்போ மென்மையான டோஃபுவோ பொருத்தம்.

பருப்பிலும் விதைகளிலும் உள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்வதால், பட்டியலில் இரும்பு என்று அச்சிட்டிருக்கும் அளவு முழுவதும் உடலில் சேர்வதில்லை. பாருடன் தேநீர் குடித்தால் அது மேலும் குறையும்; ஒரு கொய்யாத் துண்டோ ஆரஞ்சோ சேர்த்தால் வைட்டமின் சி காரணமாகக் கூடும். இரத்தச்சோகை உள்ளவர்கள் தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுவது நல்லது. வைட்டமின் பி12 செறிவூட்டப்படாத தாவரப் பார் எதிலும் கிடைப்பதில்லை.

சிறுநீரகக் குறைபாடு உள்ளவருக்கு இதுவரை சொன்ன கணக்கு தலைகீழாகும். அவர்களுக்குப் புரதத்தின் அளவையே கட்டுப்படுத்த வேண்டியிருக்கலாம். பருப்புக்கொட்டை, பேரீச்சை ஆகியவற்றின் பொட்டாசியமும், சேர்பொருள் பட்டியலில் பாஸ்பேட் என்று முடியும் சேர்மங்களும் தனியே கவனிக்க வேண்டியவை. பொட்டாசியமும் பாஸ்பரஸும் ஊட்டச்சத்து விவரப் பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை என்பதால் உறையைப் படிப்பதோடு இவர்கள் நின்றுவிட இயலாது. குவீன்ஸ்டவுன் பலதுறை மருந்தகத்திலோ தாம் வழக்கமாகச் செல்லும் மருத்துவமனையிலோ உணவியல் வல்லுநரைப் பார்க்கும்போது, உண்டுவரும் பாரின் காலி உறையை முழுதாகக் கையில் எடுத்துச் செல்வது பயன்தரும். முகப்பை மட்டும் படம்பிடித்துச் சென்றால் அவர் கேட்கும் முதல் கேள்விக்கே விடை அதில் இருக்காது.